போர்முனைக்குப் பக்கத்துல இருக்கற ஜனங்க ஏன் கிளம்பல, அவங்கள யார் எப்படிப் பாத்துக்கறாங்க: ஆரம்பத்துல இருந்து ஒரு விளக்கம்

போர் பத்தி டிவில பார்க்கும்போது எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும். அங்கதான் ஷெல் விழுதுன்னு தெரியுதுல்ல, கிளம்புங்கன்னு சொல்லியும் ஆச்சு, அப்புறம் அந்தப் பாட்டி ஏன் இன்னும் அந்த உடைஞ்ச வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்காங்க? நியாயமான கேள்விதான், யாரும் கெட்ட எண்ணத்துல கேக்கறதில்ல. ஆனா அதுக்குள்ள இன்னொரு நினைப்பு ஒளிஞ்சிருக்கு. போகச் சொல்லியாச்சு, போகலைன்னா இனிமே அவங்க பாடு, அப்படிங்கற நினைப்பு. பொதுமக்கள் பாதுகாப்புங்கற விஷயத்தைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல இந்த நினைப்பைத்தான் கழட்டி வைக்கணும், ஏன்னா சட்டமும் அப்படி சொல்லல, களத்துல வேலை பாக்கறவங்களும் அப்படி நடந்துக்கறதில்ல.

முதல்ல போர்முனைன்னா என்ன. மேப்ல சிவப்பு கோடு ஒண்ணு போட்டுக் காட்டுறாங்க, அதைப் பார்த்துட்டு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டா தப்பிச்சாச்சுன்னு நினைச்சுக்கறோம். நிஜத்துல அது கோடே இல்ல, ஒரு அகலமான பட்டை. சாதாரண 155 மி.மீ. பீரங்கி 20-30 கிலோமீட்டர் வரைக்கும் சுடும், ராக்கெட்னா இன்னும் தூரம். அதனால முனையில இருந்து 20 கி.மீ. தள்ளி இருக்கற ஊரும் போர்முனை ஊருதான், அங்க ஸ்கூல் இருக்கலாம், கடை திறந்திருக்கலாம், பஸ் கூட ஓடலாம், மதியம் 3 மணிக்கு ஒரு ஷெல் வந்து விழவும் செய்யலாம். இப்ப இதுல சின்ன ட்ரோன் வேற சேர்ந்துடுச்சு. உக்ரைன்ல கெர்சான் நகரத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ரஷ்யப் படை அனுப்பற ட்ரோன் ரோட்ல நடந்து போற ஆளு, சைக்கிள், ஆம்புலன்ஸ்னு துரத்தி துரத்தி அடிக்குது, இதை விசாரிச்ச ஐ.நா. ஆணையம் 2025 மே மாசம் இது மானுடத்துக்கு எதிரான குற்றம்னே சொல்லிடுச்சு. பீரங்கியாவது குறி தவறிச்சுன்னு சொல்லித் தப்பிக்கலாம், ட்ரோன் ஓட்டறவன் கேமரால பார்த்துட்டுத்தான அடிக்கிறான்.

சரி ஏன் கிளம்பல. வயசானவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க, அவங்களைப் பாத்துக்கற மகளோ மருமகளோ, இவங்கதான் எல்லா போர்லயும் கடைசி வரைக்கும் மிஞ்சுவாங்க. காசு இருக்கறவங்க, கார் இருக்கறவங்க, வெளியூர்ல சொந்தக்காரங்க இருக்கறவங்க முதல் மாசமே போயிடுவாங்க. மாடு வச்சிருக்கறவங்க மாட்டை விட்டுட்டு வர மாட்டாங்க, அது பாசம் மட்டும் இல்ல, அவங்க மொத்த சொத்தே அதுதான். ஏற்கனவே ஒருதடவை இடம்பெயர்ந்து போய் ஏதோ ஒரு ஹால்ல ஆறு மாசம் பாய் விரிச்சுப் படுத்து அவமானப்பட்டுத் திரும்பி வந்தவங்களும் உண்டு, அவங்ககிட்ட போய் திரும்பவும் கிளம்புன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. போற வழிதான் வீட்டை விட ஆபத்துன்னு கணக்குப் போட்டு உட்கார்ந்தவங்க இருக்காங்க, அந்தக் கணக்கு பல நேரம் சரியாவும் இருக்கும். இது எல்லாத்துக்கும் மேல, போக விடாம தடுக்கப்பட்டவங்க. ஆயுதம் வச்சிருக்கற தரப்பு ஜனங்களைத் தனக்கு முன்னால நிறுத்தி வச்சுக்கறது புதுசு இல்ல.

ஒரு உதாரணம் சொன்னா இது இன்னும் புரியும். 2022க்கு முன்னாடியே கிழக்கு உக்ரைன்ல டான்பாஸ் பகுதியில உக்ரைன் ராணுவத்துக்கும் ரஷ்யா ஆதரவு பிரிவினைவாதிகளுக்கும் நடுவுல 400 கி.மீ.க்கும் மேல ஒரு மோதல் கோடு இருந்துச்சு, எட்டு வருஷமா. கோட்டுக்கு அந்தப் பக்கம், பிரிவினைவாதிகள் பகுதியில இருந்த வயசானவங்க பென்ஷன் வாங்கணும்னா அரசுப் பக்கம் வந்து கையெழுத்துப் போட்டாகணும்னு உக்ரைன் அரசாங்கம் விதி வச்சது. அதனால கொரோனாவுக்கு முன்னாடி மாசத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை ஜனங்க செக்போஸ்ட் தாண்டிப் போய் வந்தாங்க, அதுல பாதிக்குப் பாதி கிழவிங்க கிழவங்கதான். ஸ்தானிட்சியா லுஹான்ஸ்காங்கற இடத்துல பாலம் 2015ல உடைஞ்சு போச்சு, அதை 2019 நவம்பர் வரைக்கும் சரி பண்ணல, மரப்பலகை போட்ட சரிவுல வீல்சேரைத் தள்ளிக்கிட்டு ஏறி இறங்குனாங்க. குண்டு ஒரு பக்கம், விதிமுறை ஒரு பக்கம். பாதுகாப்புன்னு சொன்னா குண்டை மட்டும் நினைக்கக் கூடாது, பென்ஷன் ஆபீஸ் போடற ஒரு விதியை மாத்தறதும் உயிர் காக்கற வேலைதான்.

சட்டம் என்ன சொல்லுது

1949 ஆகஸ்ட் 12ல கையெழுத்தான நாலு ஜெனீவா ஒப்பந்தங்கள்ல நாலாவது முழுக்க முழுக்க பொதுமக்களுக்காக எழுதினது. அதுக்கு முன்னாடி இருந்த ஜெனீவா ஒப்பந்தங்கள் எல்லாம் காயம்பட்ட சிப்பாய், கைதியான சிப்பாய்னு சிப்பாய்களைச் சுத்தியே இருந்துச்சு, ரெண்டாம் உலகப் போர்ல ஜனங்க செத்த கணக்கைப் பார்த்த பிறகுதான் இது வந்தது. 1977ல ரெண்டு கூடுதல் நெறிமுறைகள் சேர்ந்துச்சு, எங்க சுடலாம் எங்க சுடக்கூடாதுங்கற விவரம் எல்லாம் பெரும்பாலும் அதுலதான் இருக்கு. இந்தியா, இலங்கை, அமெரிக்கா மூணுமே அந்த 1977 நெறிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுக்கலங்கறதைச் சொல்லியே ஆகணும். அப்போ அவங்களுக்கு பொருந்தாதான்னா, முக்கியமான விதிகள் எல்லாம் வழக்காற்றுச் சட்டமா, அதாவது நாடுகள் தொடர்ந்து கடைப்பிடிச்சு வந்ததால எல்லாரையும் கட்டுப்படுத்தற சட்டமா ஆயிடுச்சு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2005ல 161 விதிகளா அதைத் தொகுத்துப் போட்டிருக்கு, கையெழுத்து போட்டாலும் போடாட்டியும் கட்டுப்படுத்தும். அரசாங்கத்தோட சண்டை போடற ஆயுதக் குழுவையும் கட்டுப்படுத்தும்.

அடிப்படை மூணு விஷயம். ஒண்ணு, சண்டை போடறவனையும் போடாதவனையும் பிரிச்சுப் பார்க்கணும், ஆயுதக் கிடங்கையும் வீட்டையும் பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு, இலக்கு சரியான ராணுவ இலக்கா இருந்தாலும் அதுல கிடைக்கற ராணுவ லாபத்தை விட ஜனங்களுக்கு ஆகற சேதம் மிதமிஞ்சிப் போகும்னு தெரிஞ்சா அடிக்கக் கூடாது, மொட்டை மாடியில ஒரே ஒருத்தன் துப்பாக்கியோட இருக்கான்னு நாப்பது குடும்பம் இருக்கற கட்டடத்தையே தரைமட்டமாக்க முடியாது. மூணு, அடிக்கறதுக்கு முன்னாடி முடிஞ்ச முன்னெச்சரிக்கை எல்லாம் எடுக்கணும், நேரத்தை மாத்தறது, வேற ஆயுதம் எடுக்கறது, முன்கூட்டி எச்சரிக்கை கொடுக்கறது இதெல்லாம் அதுல வரும்.

இந்த எச்சரிக்கைலதான் நிறைய பேர் வழுக்கறாங்க. நோட்டீஸ் போட்டாச்சு, போன்ல மெசேஜ் அனுப்பியாச்சு, இதுக்கு மேலயும் அங்க இருக்கறவன் சாதாரண ஆள் இல்லங்கற பேச்சை எல்லா ராணுவமும் பேசும். சட்டம் அதை ஒத்துக்கறதே இல்ல. எச்சரிக்கை கொடுக்கறது அடிக்கறவனோட கடமை, அதைக் கேட்டுக் கிளம்பாம இருக்கறது ஜனங்களோட குற்றம் இல்ல. கிளம்பாதவங்களும் பொதுமக்கள்தான், முந்தின நாள் இருந்த அதே பாதுகாப்பு அடுத்த நாளும் இருக்கு. அதே மாதிரி ஒரு ஆளு பொதுமக்களா இல்லையான்னு சந்தேகம் வந்தா பொதுமக்கள்னுதான் வச்சுக்கணும். ஊருக்குள்ள நாலு ஆயுதக்காரங்க கலந்து இருக்கறதால மொத்த ஊரும் இலக்கா மாறிடாது.

இது ஒரு பக்கம்னா, தற்காத்துக்கற தரப்புக்கும் கடமை இருக்கு, அதை யாரும் பேசறதே இல்ல. முடிஞ்ச வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கத்துல பீரங்கி வைக்காம, ஸ்கூல் வளாகத்துல முகாம் போடாம இருக்கணும், ஜனங்களைக் கேடயமா வைக்கவே கூடாது. ஆனா ஒரு தரப்பு இதை மீறிட்டா மத்த தரப்புக்கு கை கட்டு அவிழ்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அவன் மீறினான் அதனால நானும்ங்கறது இந்தச் சட்டத்துல செல்லாது, நம்ம பஞ்சாயத்துல வேணா செல்லலாம்.

பாதுகாப்பு வலயம்னு சொல்லிட்டா போதுமா

ஜனங்க கூடறதுக்கு ஒரு இடத்தைக் குறிச்சு அங்க சுட மாட்டோம்னு சொல்றது பழைய யோசனை, நாலாவது ஜெனீவா ஒப்பந்தத்துலயே 14, 15ம் பிரிவுகள்ல இருக்கு. ஆனா அதுக்கு உயிர் கொடுக்கறது ரெண்டு தரப்போட சம்மதம். இது எவ்வளவு முக்கியம்னு பார்க்கணும்னா நமக்குத் தெரிஞ்ச இலங்கைப் போர்லயே ரெண்டு உதாரணம் எதிரும் புதிருமா இருக்கு. 1990 கடைசியில யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைச் சுத்தி ஒரு பாதுகாப்பு வலயம் வந்துச்சு, இலங்கை அரசும் புலிகளும் ரெண்டு பேரும் சம்மதிச்சு, செஞ்சிலுவைக் குழு நடுவுல நின்னு மேற்பார்வை பாத்துச்சு. உள்ள ஆயுதம் வரக்கூடாது, கூரையில செஞ்சிலுவை அடையாளம். சுத்தி சண்டை நடந்தும் ஆஸ்பத்திரி தொடர்ந்து ஓடுச்சு.

2009 ஜனவரில வன்னியில அறிவிச்ச பாதுகாப்பு வலயம் வேற கதை. அது அரசாங்கம் தானா ஒருதலைப்பட்சமா அறிவிச்சது, மறு தரப்போட எந்த ஒப்பந்தமும் இல்ல, புலிகளோட ஆட்களும் ஆயுதங்களும் அதுக்குள்ள இருந்துச்சு, ஜனங்களை அவங்க வெளியேற விடல, போனவங்களைச் சுட்டாங்க. அந்த வலயத்துக்குள்ளயே சுதந்திரபுரத்துல தங்கியிருந்த ஐ.நா. ஊழியர்கள் தாங்க இருக்கற இடத்தைத் துல்லியமா ராணுவத்துக்குக் கொடுத்திருந்தாங்க, அப்புறமும் அங்க ஷெல் விழுந்துச்சுன்னு ஐ.நா. நிபுணர் குழு 2011ல கொடுத்த அறிக்கை சொல்லுது. வலயம் சுருங்கிச் சுருங்கி அடுத்த வலயம், அதுக்கும் அடுத்ததுன்னு மே மாசம் வரைக்கும் போச்சு. அந்தக் கடற்கரையில நடந்த ஒரே உருப்படியான காரியம், பிப்ரவரியில இருந்து மே 9 வரைக்கும் செஞ்சிலுவைக் குழு கப்பல் கொண்டு வந்து ஆயிரக்கணக்கான காயம்பட்டவங்களையும் கூட வந்தவங்களையும் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏத்திட்டுப் போனது. அதுக்கும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் கெஞ்சிக் கேட்டு சம்மதம் வாங்க வேண்டி இருந்துச்சு.

சம்மதமும் இல்லாம, காக்க ஆளும் இல்லாம வலயம் அறிவிச்சா அது ஜனங்களை ஒரே இடத்துல கூட்டி வைக்கற ஏற்பாடா முடியும். போஸ்னியாவுல ஸ்ரெப்ரனிட்சாவை 1993 ஏப்ரல்ல ஐ.நா. பாதுகாப்புச் சபையே தீர்மானம் போட்டு பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சது, 1995 ஜூலைல அது விழுந்தப்போ அங்க இருந்தது சில நூறு டச்சு அமைதிப்படை வீரர்கள், 8,000க்கும் மேற்பட்ட ஆம்பளைங்களையும் பையன்களையும் போஸ்னிய செர்பியப் படை கொன்னு புதைச்சது. மறுபக்கம் தெற்கு சூடான்ல 2013 டிசம்பர்ல சண்டை வெடிச்சப்போ ஜனங்க ஐ.நா. படைத்தளத்து கேட்ல வந்து முட்டுனாங்க, கேட்டைத் திறந்து விட்டாங்க, அப்புறம் அது வருஷக்கணக்குல 2 லட்சம் பேர் தங்கற முகாம்களா ஆயிடுச்சு. 2016ல மலக்கால் முகாமுக்குள்ளயே தாக்குதல் நடந்துச்சுதான், ஆனாலும் அந்த கேட் திறக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சா நடுங்கும்.

வெளியேத்தறது

வெளியேத்தறதுன்னா பஸ் அனுப்பறதுன்னு நினைச்சா அது கால்வாசி வேலைதான். எந்த ரோடு, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் சுடாம இருப்பாங்க, அந்த உத்தரவு முன்னரங்குல இருக்கற கடைசி சிப்பாய் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சா, ரோட்ல கண்ணிவெடி இருக்கா, எங்க போய் இறக்கறது, இதெல்லாம் முடிவான பிறகுதான் பஸ். 2022 மார்ச் ஆரம்பத்துல உக்ரைனோட மரியுபோல் நகரத்துல மனிதாபிமான பாதைன்னு அறிவிச்சு, ஜனங்க பையைத் தூக்கிட்டு வந்து நின்னு, சண்டை நிக்காம அப்படியே திரும்பிப் போனாங்க. அதுல ஒரு தடவை சம்மதிச்ச ரோட்லயே கண்ணிவெடி புதைச்சிருந்ததை செஞ்சிலுவை ஆட்கள் கிளம்பின பிறகுதான் கண்டுபிடிச்சாங்க. அதே ஊர்ல அசோவ்ஸ்டால் இரும்பு ஆலைக்கு அடியில வாரக்கணக்குல பதுங்கி இருந்தவங்களை மே ஆரம்பத்துல ஐ.நா.வும் செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து வெளிய கொண்டு வந்தாங்க, மேலிடத்துல பேசி முடிச்சு, பிறகு களத்துல இருக்கற கமாண்டர்கள் கூடயும் பேசி முடிச்சதுக்கு அப்புறம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஜனங்களைக் காப்பாத்தறேன்னு சொல்லி ஊரையே காலி பண்ணி, அப்புறம் திரும்ப விடாம பண்றது பழைய தந்திரம். அதனாலதான் ஆக்கிரமிச்ச பகுதியில இருந்து ஜனங்களைக் கட்டாயமா நகர்த்தறதை சட்டம் தடுக்குது, அவங்க பாதுகாப்புக்கோ தவிர்க்கவே முடியாத ராணுவக் காரணத்துக்கோ தற்காலிகமா வெளியேத்தலாம், ஆனா அந்தப் பகுதியில சண்டை ஓய்ஞ்ச உடனே திரும்பக் கொண்டு வந்து விடணும். உள்நாட்டுப் போருக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான். அதனால பஸ்ல ஏத்தறவங்க முதல்ல கேக்கற கேள்வி நீங்களா விரும்பி வர்றீங்களா, எங்க போக விரும்பறீங்கங்கறது. 2016 டிசம்பர்ல சிரியாவோட அலெப்போ நகரத்துல இருந்து சில நாள்ல 35,000 பேர் கிட்ட வெளிய வந்தாங்க, அதை ஒரு சாதனைன்னு சொல்றதா இல்ல வேற வழியே இல்லாம பிடுங்கி எறியப்பட்டாங்கன்னு சொல்றதான்னு இன்னும் ஆட்கள் வாதாடிக்கிட்டு இருக்காங்க, எனக்கு ரெண்டாவதுதான் உண்மைக்குப் பக்கம்னு படுது.

கிளம்பற அன்னைக்கு சின்னச் சின்ன விஷயம்தான் பெரிசா நிக்கும். குழந்தை பேரு, அப்பா அம்மா பேரு, போன் நம்பர் எழுதின சீட்டை குழந்தை சட்டைக்குள்ள தைச்சு வைக்கறது, அடையாள அட்டையும் வீட்டுப் பத்திரமும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல, சர்க்கரை மாத்திரை பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்கு. குடும்பம் பிரிஞ்சு போகாம ஒரே வண்டில ஏத்தறது. செக்போஸ்ட்ல ஆம்பளைங்களைத் தனியா இறக்கினா அவங்க பேரை யாராவது எழுதி வைக்கணும், பேரு எழுதப்பட்ட ஆளு காணாமப் போறது அவ்வளவு சுலபம் இல்ல.

தண்ணி, மருந்து, காசு

கிளம்பாதவங்களுக்கு என்ன கொடுக்கறதுன்னா உடனே அரிசி மூட்டை ஞாபகம் வரும். ஆனா போர்முனை ஊர்ல முதல்ல நிக்கறது பெரும்பாலும் சாப்பாடு இல்ல, கரண்ட். கரண்ட் நின்னா தண்ணி பம்ப் நிக்கும், தண்ணி நின்னா ஆஸ்பத்திரில ஆபரேஷன் நிக்கும், குளிர் நாடா இருந்தா குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சு மொத்த ஊரோட வெப்ப ஏற்பாடும் போயிடும். 2017 ஜனவரி கடைசில கிழக்கு உக்ரைன்ல அவ்தீவ்கா ஊர்ல இதுதான் நடந்துச்சு, வெளிய மைனஸ் 20 டிகிரி, உள்ள கரண்ட் இல்ல.

அந்த ஊருக்குப் பக்கத்துல இருந்த டொனெட்ஸ்க் குடிநீர் வடிகட்டி நிலையம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், இந்த மொத்த விஷயமும் அந்த ஒரு கட்டடத்துல அடங்கிடும். அது ரெண்டு படைகளுக்கும் நடுவுல யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துல இருந்துச்சு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்குத் தண்ணி அனுப்புச்சு, அதுவும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்த ஜனங்களுக்கு. தண்ணியைச் சுத்தம் பண்ண உள்ள குளோரின் வேற வச்சிருந்தாங்க, ஒரு ஷெல் அது மேல விழுந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். அங்க ஷிப்ட் மாத்தப் போற பஸ் தினமும் சண்டை முனையைத் தாண்டித்தான் போகணும், 2018 ஏப்ரல்ல அந்த பஸ்ஸைச் சுட்டு அஞ்சு ஊழியர்களுக்குக் காயம். ஏதாவது ரிப்பேர் பண்ணணும்னா ஐரோப்பிய பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்போட கண்காணிப்பாளர்கள் ரெண்டு தரப்பு கிட்டயும் பேசி சில மணி நேர சண்டை நிறுத்தம் வாங்குவாங்க, தங்களோட ஆட்களை ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல நிறுத்தி வச்சுக்குவாங்க, அந்த நேரத்துக்குள்ள எலக்ட்ரிசியன் போய் ஒயரை இழுத்துக் கட்டிட்டு ஓடி வரணும். அந்த எலக்ட்ரிசியனுக்கு யாரும் மெடல் கொடுத்ததா கேள்விப்படல. போர்முனையில உதவின்னா பாதி நேரம் இதுதான், யாரோ நாலு மணி நேரத்தைக் கேட்டு வாங்கறது.

தண்ணி நிலையம், வயல், ஆடு மாடு, சாப்பாட்டுக் கிடங்கு இதையெல்லாம் ஜனங்க பட்டினி கிடக்கட்டும்னு அழிக்கறது 1977 நெறிமுறையிலயே தடை, பட்டினியைப் போர் ஆயுதமா பயன்படுத்தறதை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018ல 2417ம் தீர்மானத்துல கண்டிச்சது. எழுத்துல எல்லாம் இருக்கு.

மருந்துல காயத்துக்குத்தான் எல்லாரும் ஓடுவாங்க. ஆனா ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இழுத்துக்கிட்டுப் போற போர்முனையில சுகர், பிரஷர், டயாலிசிஸ், பிரசவம் இதுல போற உயிர் குண்டுல போறதை விட குறைச்சலா இருக்கும்னு நினைக்காதீங்க. டாக்டர் போயிட்டாரு, மெடிக்கல் ஷாப் மூடிடுச்சு, அதனால நடமாடும் மருத்துவ வண்டி வாரம் ஒருநாள்னு வரும், அதுவும் ஒரே நாள் ஒரே நேரம்னு வச்சா எதிரி கணக்கு பண்ணிடுவான்னு நேரத்தை மாத்தி மாத்தி வருவாங்க.

பொருள் கொடுக்கறதா காசு கொடுக்கறதாங்கறது இன்னொரு வாதம். கடை திறந்திருக்கு, சரக்கு வருது, ஏ.டி.எம்.மோ தபால் ஆபீஸோ ஓடுதுன்னா காசு கொடுக்கறதுதான் நல்லது, எனக்கு அதுல சந்தேகமே இல்ல, அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியும், கடைக்காரரும் ஊரை விட்டுப் போகாம இருப்பாரு. கடையே இல்லன்னா பொருள்தான். விறகு, நிலக்கரி, உடைஞ்ச ஜன்னலுக்கு அடிக்கறதுக்கு பலகையும் பிளாஸ்டிக் ஷீட்டும், டார்ச், பேட்டரி, பெரிய குடிநீர் தொட்டி.

கொடுக்கற விதமும் ஆளைக் கொல்லும், இதை ஆரம்பத்துல யாரும் யோசிக்க மாட்டாங்க. முந்நூறு பேரை ஒரு மைதானத்துல வரிசையில நிக்க வச்சா மேல இருந்து பார்க்கற ட்ரோனுக்கு அது என்ன கூட்டம்னு தெரியாது, தெரிஞ்சாலும் சும்மா விடுவான்னு நம்ப முடியாது. அதனால சின்னச் சின்ன கூட்டமா பிரிச்சு, பதுங்குகுழி பக்கத்துல, கால் மணி நேரத்துல முடியற மாதிரி, முடிஞ்சா வீட்டு வாசல்லயே போய்க் கொடுக்கறது. ஒரே வண்டில எல்லாத்தையும் ஏத்தாம இருக்கறது. அதே மாதிரி நாமளும் யாரோ போட்ட நிவாரண வீடியோவை லொகேஷனோட அந்த நிமிஷமே ஷேர் பண்ணாம இருந்தா புண்ணியம்.

லொகேஷன் சொல்லிட்டா சுட மாட்டாங்களா

உதவி அமைப்புகள் தாங்க இருக்கற கட்டடம், போற வண்டி, போற வழி எல்லாத்தையும் சண்டை போடற தரப்புகளுக்கு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. நாங்க இன்ன வண்டில இன்ன நேரத்துக்கு வர்றோம், தெரியாம சுட்டுடாதீங்கன்னு சொல்றதுதான் இதோட அர்த்தம், இது அனுமதி வாங்கறது இல்ல, பாதுகாப்பு உத்தரவாதமும் இல்ல. 2024 ஏப்ரல் 1ம் தேதி காசாவுல வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்ங்கற சாப்பாடு கொடுக்கற அமைப்போட மூணு வண்டிகளை இஸ்ரேல் ராணுவம் ஒண்ணு மாத்தி ஒண்ணா அடிச்சு ஏழு பேர் செத்தாங்க, அவங்க பயணத்தை முன்னாடியே ராணுவத்தோட பேசி ஒருங்கிணைச்சிருந்தாங்க, வண்டி மேல அமைப்போட சின்னமும் இருந்துச்சு. பெரிய தப்பு நடந்துடுச்சுன்னு ராணுவமே ஒத்துக்கிச்சு, ரெண்டு அதிகாரிகளை வேலையை விட்டு நீக்குச்சு. ஆபீஸ்ல இருக்கற லிஸ்ட் ட்ரோன் ஓட்டறவன் கைக்குப் போய்ச் சேரலைன்னா அந்த லிஸ்ட் வெறும் காகிதம். ஆனாலும் சொல்லாம போக முடியாது, சொல்லாம போனா தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சுடுவான்.

செஞ்சிலுவைக் குழு ஏன் யாரையும் பேர் சொல்லித் திட்ட மாட்டேங்குதுன்னு நிறைய பேருக்குக் கோபம் வரும். அவங்க வேலையே கமாண்டர் கிட்ட மூடின கதவுக்குள்ள போய், உங்க ஆளுங்க இன்ன தேதில இன்ன கிராமத்துல இதைப் பண்ணாங்கன்னு எடுத்து வைக்கறதுதான், வெளிய பேசினா அடுத்த தடவை கதவு திறக்காது, கைதிகளைப் பார்க்க முடியாது, கப்பல் வராது. வெளிய கத்தறதுக்கு மனித உரிமை அமைப்புகள் இருக்கு, ஐ.நா. விசாரணை ஆணையங்கள் இருக்கு. ரெண்டும் வேணும்னுதான் சொல்வேன், ஒரே ஆள் ரெண்டையும் பண்ண முடியாதுங்கறது மட்டும்தான் விஷயம்.

அங்க இருக்கறவங்களே பண்றது

இவ்வளவு அமைப்புகள் பேரைச் சொன்னதால வெளில இருந்து வந்து யாரோதான் காப்பாத்தறாங்கன்னு நினைச்சுக்காதீங்க. முதல் அரை மணி நேரத்துல இடிபாட்டுக்குள்ள இருந்து இழுத்துப் போடறது பக்கத்து வீட்டுக்காரர்தான். வன்னில வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினது ஜனங்களே, பனங்குத்தியும் மண்மூட்டையும் போட்டு. ஜம்மு எல்லைக் கிராமங்கள்ல அரசாங்கமே ஆயிரக்கணக்குல பங்கர் கட்டிக் கொடுத்திருக்கு, சிலது தனித்தனி வீடுகளுக்கு, சிலது ஊருக்குப் பொதுவா. 2025 மே மாசம் எல்லைக்கு அப்பால இருந்து வந்த ஷெல்லடில பூஞ்ச் நகரத்துல ஜனங்க செத்தப்போ நகரத்துக்குள்ள போதுமான பங்கர் இல்லங்கற பேச்சு எழுந்துச்சு, கிராமம் தான் எல்லை, டவுன் எல்லை இல்லன்னு நினைச்சதோட விளைவு.

பங்கர் இல்லாதவங்களுக்கு உக்ரைன்ல சொல்லித் தர்ற ஒரு விதி ரெண்டு சுவர் விதி. வெளிப்பக்கத்துக்கும் உங்களுக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு சுவர் இருக்கணும், முதல் சுவர் வெடிப்போட வேகத்தை வாங்கிக்கும், ரெண்டாவது சுவர் சிதறி வர்ற துண்டுகளை நிறுத்தும். ஜன்னல் இல்லாத நடைபாதையோ பாத்ரூமோதான் பெரும்பாலும் அந்த இடம், ஆனா கண்ணாடியும் டைல்ஸும் நிறைய இருக்கற பாத்ரூம்னா வேண்டாம். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டற பட்டையை எப்படிப் போடறதுன்னு பழக்கறது இன்னொண்ணு, கை கால்ல பெரிய ரத்தக்குழாய் அறுந்தா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எல்லாம் உடம்பு காத்துக்கிட்டு இருக்காது, சில நிமிஷம்தான். அப்புறம் ஒருதடவை விழுந்த இடத்துக்கு உடனே ஓடிப் போகாதீங்கன்னு சொல்லுவாங்க, உதவிக்கு வர்றவங்களைக் குறி வச்சே ரெண்டாவது ஷெல் வர்றது சகஜமாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் உள்ள மாட்டிக்கிட்டு கத்தும்போது இதை எப்படிக் கடைப்பிடிக்கறதுன்னு யாராலயும் சொல்லித் தர முடியாது.

இங்க வேலை பாக்கற உள்ளூர் தன்னார்வலர்கள்தான் ரொம்ப ஆபத்துல இருக்கறவங்க. பெரிய அமைப்போட வெள்ளை வண்டி நிக்கற எல்லைக்கு அப்பால கடைசி பத்து கிலோமீட்டரைப் பழைய வேன்ல தாண்டறது இவங்கதான், குண்டு துளைக்காத சட்டை பல பேர்கிட்ட இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, செத்தா குடும்பத்துக்கு எதுவும் இல்ல. காசு அனுப்பற பெரிய அமைப்புகள் ரசீது கேக்கற அளவுக்கு இதைப் பத்திக் கேக்கறதில்லங்கறது என் வருத்தம். உக்ரைன்ல டொனெட்ஸ்க் பகுதியில 'வெள்ளை தேவதைகள்'னு ஒரு போலீஸ் பிரிவு கவச வண்டில போய் கடைசி ஆட்களைக் கூட்டிட்டு வருது, பல தடவை ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசிப் பார்க்கறாங்க. ஒரு தடவை வரமாட்டேன்னவங்க அடுத்த தடவை பூனைக்கும் இடம் உண்டுன்னு சொன்னா ஏறிடுவாங்க.

சண்டை நகர்ந்து போன பிறகும் இந்தப் பட்டை அப்படியேதான் இருக்கும், வெடிக்காத ஷெல்லும் கண்ணிவெடியும் நடுவானத்துல பிரிஞ்சு சிதறற கிளஸ்டர் குண்டோட சின்னச் சின்ன உருண்டைகளும் மண்ணுக்குள்ள. கண்ணிவெடியைத் தடை பண்ற ஒட்டாவா ஒப்பந்தம் 1997ல வந்துச்சு, 160க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துச்சு, ஆனா 2025ல லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து அஞ்சும் ரஷ்யாவைக் காரணம் காட்டி அதுல இருந்து விலகறதா அறிவிச்சுடுச்சு. திரும்பி வர்ற விவசாயி விதைக்கற பருவம் போயிடும்னு கண்ணிவெடி எடுக்கறவங்களுக்குக் காத்திருக்க மாட்டாரு, தானே குச்சியை வச்சுக் குத்திப் பார்ப்பாரு, டிராக்டருக்கு அடியில இரும்புத் தகடு அடிச்சுக்கிட்டு இறங்குவாரு. அதனால கண்ணிவெடி எடுக்கற குழுக்கள் ஊருக்கு வந்ததும் முதல்ல மேப் கேக்கறதில்ல, ஆடு மேய்க்கறவங்களையும் விறகு பொறுக்கப் போற பொம்பளைங்களையும் தேடிப் போய் எந்தப் பக்கம் நீங்க போறதை நிறுத்திட்டீங்கன்னு கேக்கறாங்க. அங்க இருந்துதான் சிவப்புக் கொடி நட ஆரம்பிக்கறாங்க.